படியும் சக்கரமும்

(காஞ்சிபுரத்தில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நடக்க முடிந்தவர்கள் கவனிக்காமலே தாண்டிப் போகும் ஓர் உயரத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அந்த உயரம் ஆறு அங்குலம். நடைபாதையின் ஓரக்கல் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு நெறிமுறை சொன்னது. ஏறத்தாழ அதுதான் நான் சொல்லும் ஆறு அங்குலம். கடை வாசலில் ஒரு படி, வீட்டு வாசலில் இரண்டு படி, கோபுர வாசலில் குறுக்கே கிடக்கும் நிலைக்கல் எல்லாம் இதையொட்டிய உயரங்களே. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இந்த இடங்களில்தான் ஊர் முடிந்துபோகிறது. அப்போது பக்கத்தில் இருப்பவர்கள் ஓடி வருகிறோம். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, 'ஒன்று, இரண்டு, தூக்கு' என்று நாற்காலியை அந்தரத்தில் எழுப்புகிறோம். நம் மனம் நல்லது, செய்கை ஆபத்தானது. நாற்காலியைப் படி கடத்துவது தோள்வலிமையால் ஆகிற காரியமன்று, முறையால் ஆகிற காரியம். அந்த முறையை ஊரே கற்றுக்கொள்ள முடியும், கற்றுக்கொண்டே ஆகவேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

வேறு எந்த ஊரையும்விட இந்தப் பேச்சு காஞ்சிபுரத்துக்குப் பொருந்தும். வரதராஜப் பெருமாள் அத்திகிரி என்னும் சிறு குன்றின் மேல் இருக்கிறார், சந்நிதிக்குப் போக 24 படிகள். காமாட்சியம்மன் கோயிலானாலும் ஏகாம்பரநாதர் கோயிலானாலும் வாசலுக்கு வாசல் கல்லைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். கோயிலை விட்டு வெளியே வந்தால் பிள்ளையார்பாளையத்துத் தெருக்கள். பழைய நெசவாளர் வீட்டில் தெருவிலிருந்து திண்ணைக்குப் படி, திண்ணையிலிருந்து நடைக்கு வாசற்படி, உள்ளே போனால் கால்களைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழி. காந்தி சாலையின் பட்டுக் கடைகளுக்குக் கல்யாணப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு பாட்டியும் வருகிறார். பாட்டி சக்கர நாற்காலியில் வந்தால் கடைப் படியைக் கடந்தாக வேண்டும். 2019ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் எழுந்தருளியபோது ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இங்கே வந்தார்கள். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மின்கல வண்டிகளும் சக்கர நாற்காலிகளும் ஏற்பாடாகின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். இவர்களில் எல்லாரும் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அல்லர். ஆனால் மூட்டு தேய்ந்த முதியவர், எலும்பு முறிந்தவர், பக்கவாதம் வந்தவர் என்று அந்தக் கணக்கில் சேராத எத்தனையோ பேருக்கு ஏதோ ஒரு காலத்தில் இந்த நாற்காலி தேவைப்படுகிறது.

இனி, படியில் சக்கரம் ஏன் நின்றுவிடுகிறது என்று பார்ப்போம். நம்மூரில் பரவலாகக் கிடைக்கும் மடக்கு நாற்காலியில் பின்சக்கரத்தின் விட்டம் 24 அங்குலம், முன்னால் திரும்பும் சிறுசக்கரத்தின் விட்டம் 8 அங்குலம். தன் ஆரத்துக்குச் சமமான உயரமுள்ள தடையைச் சக்கரம் எவ்வளவு தள்ளினாலும் நேராக ஏறாது. அதாவது நான்கு அங்குலப் படியின் முன் சிறுசக்கரம் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். ஆரத்தில் பாதி உயரமுள்ள தடையென்றால் ஏறும். ஆனால் அச்சில் கிடைமட்டமாகத் தள்ளும்போது அந்தச் சக்கரம் சுமக்கும் எடையைப்போல் 1.7 மடங்கு விசை வேண்டும். சிறுசக்கரத்துக்கு அந்தப் பாதி உயரம் இரண்டு அங்குலம், பெரிய சக்கரத்துக்கு ஆறு அங்குலம். நம் கண்ணுக்குப் பொருட்டாகத் தெரியாத இரண்டு அங்குல வாசற்கட்டை முன்சக்கரத்துக்கு எவ்வளவு பெரிய தடையோ, அவ்வளவு பெரிய தடை ஆறு அங்குல ஓரக்கல் பின்சக்கரத்துக்கு. கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. அதே ஆறு அங்குலத்தில் பின்சக்கரத்தைக் கல்லோடு ஒட்டவைத்து, கிடைமட்டமாகத் தள்ளாமல், சாய்வாக மேல்நோக்கி உயர்த்தித் தள்ளினால் தேவைப்படும் விசை பாதியாகக் குறைகிறது. ஆளும் அதே ஆள், படியும் அதே படி, விசையின் திசை மட்டுமே மாறியது. முறை என்று நான் சொல்வதன் முதல் ஆதாரம் இது.

இரண்டாவது ஆதாரம் எடை எங்கே விழுகிறது என்பதில் இருக்கிறது. நாற்காலியில் இருப்பவருக்கு முதுகுப் பக்கம் சாய்மானம் இருக்கிறது, முன்பக்கம் ஒன்றும் இல்லை. நாற்காலி பின்னால் சாயும்போது உடம்பு சாய்மானத்தில் அமர்கிறது, உதவியாளரின் கை அங்கே இருக்கிறது. முன்னால் சாயும்போது உடம்பு சரிந்து தரையை நோக்கிப் போகிறது. அதனால் எல்லாச் செய்முறைகளையும் ஒரே விதியில் அடக்கிவிடலாம்: ஏறினாலும் இறங்கினாலும், ஒரு படியானாலும் பத்துப் படியானாலும், அமர்ந்திருப்பவரின் எடை முதுகுச் சாய்மானத்தின் மேல் விழவேண்டும், கால்மிதியின் பக்கம் ஒருபோதும் விழக் கூடாது. இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டால், செய்முறை ஒவ்வொன்றும் ஏன் அப்படி இருக்கிறது என்பது தானே விளங்கும்.

ஒற்றைப் படியை ஏறும்போது நாற்காலி கல்லுக்கு நேர் எதிரே நிற்கவேண்டும். கோணலாகப் போனால் ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் ஏறாமல் நாற்காலி பக்கவாட்டில் கவிழும். பின்புறம் கீழே இரண்டு குழாய் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்றைக் காலால் மிதித்தபடி, கைப்பிடிகளைக் கீழ்நோக்கித் தன் பக்கம் இழுத்தால் முன்சக்கரங்கள் எழும். அவற்றைப் படியின் மேல் மெதுவாக வைத்து, பின்சக்கரங்கள் கல்லைத் தொடும்வரை உருட்டிக்கொண்டு போகவேண்டும். பிறகு முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, கால்களின் பலத்தால் மேல்நோக்கிச் சாய்வாகத் தள்ளவேண்டும். பின்சக்கரம் கல்லை விட்டு விலகாமல் அதன் மேலேயே உருண்டு ஏறும். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பிக்கொள்ள வேண்டும். உதவியாளர் முதலில் கீழே இறங்கி நின்று, தன் உடம்பைச் சாய்மானத்துக்கு அணைகொடுத்து, இரண்டு பின்சக்கரங்களையும் ஒருசேர, கல்லில் உரசியபடியே மெல்ல இறக்கவேண்டும். முன்சக்கரங்களை உடனே விட்டுவிடாமல், கால்மிதி கல்லில் இடிக்காத தூரம்வரை பின்னால் போய் அதன்பிறகே தரையில் வைக்கவேண்டும். முன்பக்கமாகவே இறக்கினால் என்ன என்று கேட்பார்கள். சமதளத்தில் தள்ளுவதுபோலவே தள்ளி இறக்கினால் சிறுசக்கரம் முதலில் விழுகிறது, எடை கால்மிதிப் பக்கம் சரிகிறது, ஆள் தூக்கி எறியப்படுகிறார். விதியை மீறியதன் விளைவு உடனே தெரிகிற இடம் இது.

பல படிகள் என்றால் நிற்கும் திசை மாறுகிறது, விதி மாறவில்லை. அமர்ந்திருப்பவரின் முதுகு எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்கவேண்டும். ஏறும்போது நாற்காலி பின்னோக்கி ஏறுகிறது, இறங்கும்போது முன்னோக்கி இறங்குகிறது. இரண்டிலும் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, பெரிய சக்கரங்களின் மேல் சமநிலையில் நிறுத்தி, படிக்குப் படி உருட்டுகிறோம். பலசாலியானவர் மேலே கைப்பிடியில் நிற்கவேண்டும். மற்றவர் கீழே, அமர்ந்திருப்பவரின் முகம் பார்த்து, நாற்காலியின் நிலையான சட்டத்தைப் பிடிக்கவேண்டும். ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு விட்டு, ஒரே குரலுக்கு அடுத்த படி. தனி ஒருவர் இதைச் செய்யத் துணியக் கூடாது. மின்கலத்தில் ஓடும் நாற்காலியை ஆளோடு சேர்த்துப் படியில் ஏற்ற முயலவே கூடாது, அதன் எடை மனிதக் கைகளுக்கு உரியதன்று.

நாலு பேர் பூப்போலத் தூக்கிவிடுவார்களே, இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த நாலு பேரும் எதைப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். கைக்கு எட்டுவது கைச்சட்டமும் கால்மிதியும் சக்கரமும்தான். பல நாற்காலிகளில் கைச்சட்டமும் கால்மிதியும் கழற்றக்கூடியவை, தூக்கும்போதே கையோடு வந்துவிடும். சக்கரத்தைப் பிடித்தால் அது சுழலும். பழைய நாற்காலியில் கைப்பிடியின் ரப்பர் உறைகூட உருவிக்கொண்டு வரும். நாலு பேரின் உயரம் வேறு, வேகம் வேறு. ஒருவர் தடுக்கினால் மற்ற மூவரும் தாங்க முடியாது. உருட்டும்போது எடையில் பெரும்பகுதியைப் படியே தாங்குகிறது, தூக்கும்போது முழு எடையும் கைகளில் தொங்குகிறது. அறுபது கிலோ ஆளும் பதினெட்டுக் கிலோ நாற்காலியும் சேர்ந்தால் 78 கிலோ. தூக்குகிறவரின் இடுப்பும் உடைகிற பண்டம்தான்.

ஒன்றுசேர்ந்து சுமப்பதன் இலக்கணம் இந்த ஊருக்குப் புதிதன்று. வைகாசி கருடசேவையில் வரதரைச் சுமந்து ஏளப்பண்ணும் ஸ்ரீபாதம்தாங்கிகள் வெறும் தோள்பலத்தையா நம்புகிறார்கள்? அவரவர் இடம் முன்பே முடிவாகியிருக்கிறது, அடி ஒன்றுபோல் விழுகிறது, வாசல் கடக்கும்போது பெருமாள் குலுங்காமல் இருக்க எத்தனையோ பேரின் கவனம் அங்கே குவிகிறது. உற்சவ மேனி குலுங்கக் கூடாது என்பதற்கு இத்தனை பயிற்சி வைத்திருக்கும் ஊர், உயிருள்ள மனிதரின் நாற்காலிக்கும் அதே அக்கறையைக் காட்ட வல்லது.

ஒன்றில் மட்டும் அந்த ஒப்பு நின்றுவிடுகிறது. நாற்காலியில் இருப்பவர் தன் உடம்பைத் தானே நன்கு அறிந்தவர், எப்படிப் போகவேண்டும் என்று வாயால் சொல்லக்கூடியவர். ஆகவே கேட்காமல் நாற்காலியைத் தொடுவது உதவியில் சேராது. 'படி ஏற்ற உதவட்டுமா? எங்கே பிடிக்கட்டும்?' என்ற இரண்டு கேள்விகள் முதலில் வரவேண்டும். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதன்று, பாதுகாப்பே இதில்தான் இருக்கிறது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர் பலருக்குக் காலில் உணர்ச்சி இருக்காது. கால், கால்மிதியிலிருந்து நழுவிச் சக்கரத்தில் சிக்கினாலும் வலிக்காது. சிலருக்கு ஒரு குலுக்கலில் கால்தசை இழுத்துக்கொண்டு உடம்பே முன்னால் சரியும். சிலர் பின்னால் கவிழாமல் தடுக்கும் சிறு தாங்கிகளைப் பொருத்தியிருப்பார்கள். படிக்கு முன் அவற்றை மேலே திருப்பிவிட்டு, கடந்ததும் பழையபடி திருப்பி வைக்கவேண்டும். கைப்பிடியில் தொங்கும் பையை எடுத்துவிட வேண்டும். இடுப்புப் பட்டை இருந்தால் போட்டுக்கொள்ள வேண்டும், கைகளை மடியில் வைக்கவேண்டும். விளக்கேற்றும் இடத்துக் கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, மழை ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இவற்றில் பாதியை நாற்காலியில் இருப்பவர்தான் நமக்குச் சொல்ல முடியும். கட்டளை அவருடையது, 'நிறுத்து' என்றால் நிறுத்தவேண்டும்.

இனி மிகக் கடுமையான மறுப்புக்கு வருகிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடுகிறவர்களே இதை எழுப்புகிறார்கள்: 'தூக்கிவிட ஆள் இருக்கிறது என்றால் சாய்தளம் கட்ட யார் வருவார்கள்? அடுத்தவர் கையை எதிர்பார்த்து வாழச் சொல்லலாமா?' இந்தக் கோபம் முழுக்க நியாயமானது. பன்னிரண்டடிக்கு ஓரடி உயரும் 1:12 சாய்தளத்தில் 78 கிலோவை மேலேற்ற, உராய்வை விட்டுவிட்டால், ஆறரைக் கிலோ அளவு விசை போதும். உதவியாளரே இல்லாமல் பலர் தாமே ஏறிவிடுவார்கள். எந்தச் செய்முறையும் இதற்கு ஈடாகாது. சட்டமும் தெளிவாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் எல்லாரும் அணுகும்படி மாற்றவேண்டும் என்ற கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைக்க முடியாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று சொன்னது. எனவே படி கடத்தத் தெரிந்த ஆள் இருக்கிறார் என்பதைச் சாய்தளம் கட்டாததற்குச் சாக்காகச் சொல்லும் எந்த அலுவலகமும் கடையும் சட்டத்தின் முன் குற்றவாளிதான். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது.

ஆனால் சாய்தளத்தின் கணக்கையும் முழுதாகப் போட்டுப் பார்க்கவேண்டும். ஆறு அங்குலத்துக்கு ஆறடி நீளச் சாய்தளம் வேண்டும். இரண்டடித் திண்ணைக்கு 24 அடி வேண்டும். நெசவாளர் தெருவில் ஒரு வீட்டுக்கு முன்னால் அவ்வளவு இடம் கிடைக்காது. இடமில்லை என்று செங்குத்தாகப் பூசிவிட்டால் அது படியைவிட ஆபத்தானது, இறங்கும்போது நாற்காலி கையை மீறி ஓடும். நாளைக்கே அரசுக் கட்டடம் எல்லாம் சரியானாலும், உறவினர் வீடு, நண்பர் வீடு, சாவு வீடு, கல்யாண வீடு என்று மனித வாழ்க்கை நடக்கிற இடங்களில் படிகள் இருந்துகொண்டேதான் இருக்கும். உரிமை நிறைவேறும்வரை வீட்டுக்குள் இரு என்று யாரிடமும் சொல்லும் அதிகாரம் நமக்கு இல்லை. படி கடத்தும் முறையும் சாய்தளமும் ஒன்றையொன்று விரட்டுபவை அல்ல. ஆறு அங்குலத்தைக் கடத்த என்ன பாடு என்பதைத் தன் கையாலேயே உணர்ந்தவர், அடுத்த முறை வீடு கட்டும்போது முதல் ஆளாகச் சாய்தளம் வைப்பார்.

கோயில்களைப் பற்றிய மறுப்பும் உண்டு. ஆயிரம் ஆண்டுக் கல்லில் கைவைக்கலாமா, வெளிச் சக்கரம் சந்நிதி வரை வரலாமா என்கிறார்கள். கல்லை வெட்டச் சொல்லவில்லை. எடுத்து வைத்து எடுத்துவிடக்கூடிய மரச் சாய்தளம் கல்லுக்கு எந்தக் குறையும் செய்யாது, இரண்டு மூன்று அங்குலமே உள்ள நிலைக்கல்லுக்கு அது தாராளமாகப் போதும். தூய்மைதான் கவலை என்றால் கோயிலுக்குள்ளேயே நாற்காலிகளை வைத்து, வாசலில் மாறி அமரச் செய்யலாம். பல பெரிய கோயில்களில் அப்படி நாற்காலிகள் இருக்கவும் செய்கின்றன. நாற்காலி இருந்து அதைக் கடத்தத் தெரிந்த ஆள் இல்லாததே குறை. எல்லை உள்ள இடங்களும் உண்டு. கைலாசநாதர் கோயில் கருவறையைச் சுற்றியுள்ள குறுகிய பாதையில் நடக்க முடிந்தவரே தவழ்ந்துதான் புகவேண்டும். அதை யாரும் இடிக்கச் சொல்லவில்லை. அத்திகிரியின் 24 படிகளை ஏற்றுவது பயிற்சி பெற்ற குழு செய்யவேண்டிய வேலை, திடீரென்று கூடிய பக்தர்கள் செய்யவேண்டியதன்று. முடியும் முடியாது என்பதை ஆபத்தை எடுத்துச் சொல்லி, அவரோடு பேசி முடிவெடுக்கவேண்டும். வாசலிலேயே நிறுத்தி, 'இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்ளுங்கள்' என்று நாமாகத் தீர்ப்பு எழுதக் கூடாது.

புதிய இயந்திரங்கள் வந்து இதையெல்லாம் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. சென்னை ஐஐடியில் உருவான நாற்காலிகள் உண்மையிலேயே பெருமைக்குரியவை. அங்கே 2025இல் அறிமுகமான ஒன்று வெறும் 9 கிலோ எடைதான். எடை குறைந்தால் படியில் பாடும் குறையும். ஆனால் அமர்ந்திருப்பவரின் எடை குறையாது, அவருக்கு முன்பக்கம் சாய்மானமும் முளைக்காது. எவ்வளவு நல்ல நாற்காலியிலும் எடை முதுகுப் பக்கம் விழவேண்டும் என்ற விதி நிற்கிறது.

இதைக் கற்பிக்க முடியுமா என்ற ஐயத்துக்கு உலகம் ஏற்கெனவே விடை சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சக்கர நாற்காலிச் சேவைக்கு எட்டுப் படிநிலைகள் வகுத்தது. அவற்றில் ஒன்று பயனாளருக்கான பயிற்சி. கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் உருவான சக்கர நாற்காலித் திறன் பயிற்சி, பயனாளருக்கு மட்டுமின்றி உதவியாளருக்கும் தனியே பாடம் வைத்திருக்கிறது. நமக்குப் பக்கத்தில் வேலூர் இருக்கிறது. 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் அந்தத் துறையை வளர்த்தார். அங்கே 1966இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உடம்பு குணமாவதோடு மருத்துவம் முடிவதில்லை, வீட்டுக்கும் தெருவுக்கும் திரும்பத் தேவையான திறன்களைப் பழக்குவதும் மருத்துவமே என்பதுதான் அந்தத் துறையின் அடிப்படை. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பக்கத்து ஊரில் இருக்கும் இந்த அறிவு நம் தெருவுக்கு வரவேண்டாமா?

ஆகவே நான் கேட்பவை நான்கு. நாற்காலி வழங்கும் விழாக்களில் அதைப் பெறுகிறவருக்கும் அவர் வீட்டார் ஒருவருக்கும் படி கடக்கும் பயிற்சியை அன்றைக்கே கொடுங்கள். பயிற்சி இல்லாமல் கொடுக்கும் நாற்காலி பாதி நாற்காலிதான். கோயில் பணியாளர், பேருந்து நடத்துநர், ஆட்டோ ஓட்டுநர், பட்டுக்கடை ஊழியர், கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஆகியோருக்கு இதைச் செய்து காட்டிப் பழக்குங்கள். முதலில் காலி நாற்காலியிலும் பிறகு மணல்மூட்டை ஏற்றிய நாற்காலியிலும் பழகி, கடைசியில்தான் ஆளை ஏற்றவேண்டும். கற்பிக்கிறவர்களில் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துகிறவர்கள் கட்டாயம் இருக்கவேண்டும், இந்த வித்தையில் அவர்களே ஆசிரியர்கள். நான்காவதாக, பயிற்சி நடக்கும் அதே தெருவில் எந்தெந்தப் படி சட்டப்படி சாய்தளமாக வேண்டும் என்று குறித்து, மாநகராட்சியிடம் மனுவாகக் கொடுங்கள். பயிற்சிக்கு வருகிறவர்களே அந்த மனுவில் கையெழுத்திடட்டும். படியில் உதவும் கையும் படியை மாற்றக் கேட்கும் குரலும் ஒரே மனிதரிடம் இருந்தால், ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க யாராலும் முடியாது.